ரிஃப்ரெஷ் இல்லாத வீடு

பல் ஆஸ்பத்திரியிலிருந்து குரல் திரும்பி வந்துவிட்டது.

குரல் எப்படித் திரும்பி வரும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. கட்டக்காரரின் மனைவிக்குத் தொழிலே குரல்தான். நாம் எந்த அலுவலகத்துக்காவது போன் போட்டு, அங்கே மனிதர்கள் யாரும் எடுக்க மனமில்லாதபோது, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு பெண் கூசாமல் சொல்கிறாளே, அந்தப் பெண்களில் இவளும் ஒருத்தி. ஊரில் பாதிப் பேர் இவளிடம் எரிந்து விழுந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் இவள் முகம் தெரியாது. சமையலறையில் நின்று "உப்ப எங்க வச்சுத் தொலைச்சீங்க?" என்று கேட்கிறவள், படுக்கையறைத் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாளானால், "தாங்கள் விரும்பும் சேவைக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று ஆகிவிடுவாள். தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பதால்தான் அலமாரி. கணவரின் கோட்டுக்கும் தன்னுடைய மழைச்சட்டைக்கும் நடுவில் ஒரு முக்காலி, கையடக்கமாக ஒரு ரெக்கார்டர், வாசிக்கச் சின்னதாக ஒரு டார்ச். "ஸ்டுடியோவுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அலமாரியைத் திறக்கும்போது அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

பல் ஆஸ்பத்திரி மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னாராம். "மேடம், வாய்ஸ் அருமை. ஆனா பின்னாடி டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருது. யாரோ பல்லைத் தட்டிப் பாக்கற மாதிரியே இருக்கு. எங்களுக்குப் போன் பண்றவங்க ஏற்கெனவே பயந்துபோய்த்தான் பண்றாங்க."

மனைவி அந்தப் பதிவை மறுபடி ஓட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றிக் கணவரின் தலையில் மாட்டினாள். நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளை எடுத்து வைக்கிறவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம்.

"தயவுசெய்து," டிக், டிக், "காத்திருக்கவும்."

"கொசு மாதிரி தெரியுது" என்றார் கட்டக்காரர்.

"கொசு டிக்குன்னு கத்துமா?"

"அப்ப பல்லியா இருக்கும்."

"பல்லி ரைட் கிளிக் பண்ணுமா?"

கட்டக்காரர் ஹெட்போனைக் கழற்றி அவளிடமே கொடுத்தார்.

கட்டக்காரர் என்பது மகள் வைத்த பெயர். அவர் பகலில் கண்ணாடிக் கடை ஒன்றில் ஃப்ரேமுக்குள் லென்ஸ் மாட்டுகிறார். மற்ற நேரங்களில் கட்டத்துக்குள் எழுத்து மாட்டுகிறார். அதாவது, ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிக்கிறவர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலை என்பது அவர் கட்சி. விளிம்பு முதலில் தீர்மானமாகிவிடுகிறது, உள்ளே போகிறதை அதற்கேற்பத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டியதுதான். ஒரே வித்தியாசம், லென்ஸ் மாட்டும்போது அவருக்கு ரிஃப்ரெஷ் தேவைப்படுவதில்லை.

இந்த ரிஃப்ரெஷ்தான் விஷயம். கம்ப்யூட்டர் திரையில் காலியாக இருக்கிற இடத்தில் எலியின் வலது பொத்தானை அமுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'ரிஃப்ரெஷ்' என்றிருப்பதைத் தொட்டால், திரையிலுள்ள ஐகான்கள் எல்லாம் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு முன்பிருந்த இடத்திலேயே, முன்பிருந்த மாதிரியே இருக்கும். அவ்வளவுதான் அதன் பயன். முதன்முதலில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளில், அதைப் பொருத்த வந்த ஆள் எதைத் தொடுவதற்கு முன்னும் ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்தான், தொட்ட பிறகும் ஒருமுறை செய்தான். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி அத்தனை முகபாவத்தோடு செய்தான். கட்டக்காரர் அதை மனசில் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு சொல் கிடைக்காவிட்டால் ரிஃப்ரெஷ், கிடைத்துவிட்டால் ரிஃப்ரெஷ், கடைக்காரன் பாக்கிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தால் ரிஃப்ரெஷ். சிலர் யோசிக்கும்போது மீசையை முறுக்குவார்கள், சிலர் காலை ஆட்டுவார்கள். இவருக்கு மீசை கிடையாது, கால் மேஜையில் இடிக்கும். ஐகான்கள் கண்ணைச் சிமிட்டும்போது மூளைக்குள்ளும் எதுவோ ஒருமுறை சிமிட்டிக்கொள்ளும். அடுத்த கணம், அதுவரை எங்கோ ஒளிந்துகொண்டிருந்த சொல் 'நான் இங்கதானே இருக்கேன்' என்கிற மாதிரி வந்து நிற்கும்.

சமையலறை போக இருக்கிறது இரண்டு அறை. கம்ப்யூட்டர் இருப்பதும் படுக்கையறையில், ஸ்டுடியோ இருப்பதும் படுக்கையறையில். அவள் அலமாரிக்குள் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் வெளியே டிக், டிக். போதாததற்கு அந்தக் கம்ப்யூட்டரின் காற்றாடி வேறு, வயதான காலத்தில் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்திருந்தது.

"ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்றாள் மனைவி. "நீங்க அலமாரிக்குள்ள போய்க் கட்டம் போடுங்க, நான் வெளிய உக்காந்து பேசறேன். இல்லாட்டி இந்த மெஷின் வீட்ட விட்டுப் போகட்டும்."

அலமாரிக்குள் தன் உயரத்துக்கு உட்கார முடியுமா என்று அவர் உண்மையிலேயே ஒருமுறை திறந்து பார்த்தார். அதைப் பார்த்த பிறகு அவள் தம்பிக்குப் போன் செய்துவிட்டாள்.

உலகத்தில் கம்ப்யூட்டர்கள் இரண்டு ரகம். ஒன்று, பெரும்பாலோர் வைத்திருக்கிற ரகம். இன்னொன்று, வைத்திருக்கிறவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாத ரகம். மச்சினன் இரண்டாவது ரகம். கொஞ்ச வருஷங்களுக்கு முன்னால் கட்சி மாறியவன், கட்சி மாறியவர்களுக்கே உரிய பக்தியோடு இருந்தான். அவனிடம் அந்த ரகத்தில் இன்னும் புதியது ஒன்று வந்துவிட்டதால், போன வருஷத்துப் புதியது சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் சுற்றி, தூங்கும் குழந்தையைக் கொண்டுவருகிறவன் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இதுக்கு ஒருதடவ வந்துட்டீங்கன்னா அப்புறம் திரும்பியே பாக்க மாட்டீங்க."

"ஏன் மாப்ள, கழுத்து பிடிச்சுக்குமா?"

மச்சினன் இதற்கெல்லாம் சிரிக்கிற கட்டத்தைத் தாண்டியிருந்தான். பழைய மெஷினிலிருந்து படங்கள், மனைவியின் குரல்கள், இவருடைய கட்டங்கள் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினான். அது முடிய அரை நாள் ஆயிற்று. முடிந்ததும் பழையதைத் துணி அலமாரியின் தலையில் ஏற்றிவைத்தார்கள். அதன் எலியை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, கட்டக்காரர் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். அதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் அவர் அப்போது நினைத்தார்.

புதியது அழகாகத்தான் இருந்தது. சத்தமே இல்லை. காற்றாடி என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. எலி கிடையாது, வழவழவென்று ஒரு பலகை, அதன்மேல் விரலை வைத்துத் தடவினால் போதும். ஆனால் வீடு மாறிப் போனவனுக்கு விளக்கு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று சுவரைத் தடவிக்கொண்டிருக்கிற காலம் ஒன்று உண்டல்லவா, அது அவருக்கு ஆரம்பமாயிற்று. மூடுகிற பொத்தான் வலது மூலையிலிருந்து இடது மூலைக்குப் போயிருந்தது. அவர் கை பழக்கதோஷத்தில் வலது மூலைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு, ஆள் தெரியாமல் கையாட்டிவிட்டவன் மாதிரி மெதுவாகத் திரும்பி வந்தது. மேலே தள்ளினால் பக்கம் கீழே போனது. மூடிய பிறகும் எதுவும் முழுசாக மூடவில்லை, விடைபெற்றுக்கொண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று இன்னும் அரைமணி பேசுகிற விருந்தாளி மாதிரி, கீழே ஒரு சின்னப் புள்ளியாய் நின்றுகொண்டிருந்தது.

இவை எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். பிறகு, காலி இடத்தில் இரண்டு விரலை வைத்துத் தட்டினார். பட்டியல் விரிந்தது. மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார்.

"மாப்ள, ரிஃப்ரெஷ் எங்க?"

"அது எதுக்கு மாமா?"

"சும்மாதான். இருந்தா நல்லதுன்னு."

"இதுல அதெல்லாம் கிடையாது. தேவையே இல்ல. இது எப்பவும் ஃப்ரெஷ்ஷாத்தான் இருக்கும்."

கட்டக்காரர் திரையைப் பார்த்தார். எப்போதும் ஃப்ரெஷ்ஷாகவே இருக்கிறவர்களிடம் அவருக்கு என்றைக்குமே ஒட்டுதல் இருந்ததில்லை.

அந்த வாரக் குறுக்கெழுத்து தாமதமாகத்தான் போனது. மெஷின் மாற்றிய களேபரம் என்று சொல்லிச் சமாளித்தார். கடைசிப் பக்கத்தைக் கவனிக்கிற உதவி ஆசிரியர் நல்ல மனிதர், கெட்ட சேதியைக்கூட வெல்லம் வைத்துத்தான் கொடுப்பார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேலிடத்துல ரொம்ப நாளா சுடோகு போடலாமேன்னு பேசிக்கறாங்க. அத மெஷினே போட்டுத் தந்துடும். லீவு கேக்காது, எழுத்துப் பிழை வராது. வர்ற வியாழக்கிழம மதியத்துக்குள்ள உங்களுது வரலேன்னா அந்த எடத்துல சுடோகு உக்காந்துரும். உக்காந்துட்டா எழுப்பறது கஷ்டம் சார்."

கட்டக்காரர் "பாத்துக்கறேன்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் மாட்டிக்கொடுத்த லென்ஸ் வழியாக எத்தனையோ பேர் உலகத்தையே பார்க்கிறார்கள், அவரைப் பார்த்தது கிடையாது. ஆனால் ஒருநாள் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பத்திரிகையை நாலாக மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டு, கட்டத்தைப் பார்த்து "அட கிறுக்குப் பயலே" என்று வாய்க்குள் திட்டினார். அந்தக் கிறுக்குப் பயல் தான்தான் என்பதில் கட்டக்காரருக்கு உண்டான சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல், அந்த மனிதர் விடையைக் கண்டுபிடிக்கிறவரை கூடவே போனார். எண்களை வைத்துக்கொண்டு இப்படி ஒருவரைத் திட்ட முடியுமா?

திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் கட்டத்தின் பெரும்பகுதி நிரம்பிவிட்டது. ஒரே ஒரு வரிசைதான் பாக்கி. மேலிருந்து கீழாகக் 'கயிறு' இறங்கியிருந்தது. கொஞ்சம் தள்ளி, அதே மாதிரி 'பூமாலை' இறங்கியிருந்தது. இரண்டும் வந்து முடிகிற வரிசையில் இடமிருந்து வலமாக ஆறெழுத்துச் சொல் ஒன்று வேண்டும். மூன்றாவது எழுத்து 'று', கடைசி எழுத்து 'லை'. இவற்றை மாற்றவும் வழியில்லை. கயிற்றை அவிழ்த்தால் மேலேயிருக்கிற 'நாடகம்' நின்றுபோகும். பூமாலையைக் கழற்றினால் பக்கத்திலிருக்கிற 'பூகம்பம்' கிளம்பிவிடும். 'நேற்றுமாலை' என்று போட்டுப் பார்த்தார், ஓர் எழுத்து குறைந்தது. 'மூன்று கவலை' கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அது என்ன மூன்று என்று வாசகர் கேட்டால் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

அவர் விரல்கள் தாமாகவே பலகையைத் தட்டின. பட்டியல் விரிந்தது. பின்னணிப் படத்தை மாற்றலாமே என்றது. அவர் மூடினார்.

மூளை அப்படியே நின்றது. கதவு திறந்தே இருக்கிறது, உள்ளே யாருமில்லை என்கிற மாதிரி நின்றது. அவர் டிராயரைத் திறந்தார். பழைய எலி சுருண்ட வாலோடு படுத்திருந்தது. அதை எடுத்து மேஜைமேல், எதிலும் செருகாமல், சும்மா வைத்து, வலது பொத்தானை மெல்ல ஒரு தடவை அமுக்கினார்.

டிக்.

"கேக்குது!" என்றது அலமாரி.

கதவு திறந்து, கோட்டுக்கும் மழைச்சட்டைக்கும் நடுவிலிருந்து மனைவியின் தலை வெளியே வந்தது. எலியைப் பார்த்தாள். அது எதிலும் செருகப்படாமல் இருப்பதைப் பார்த்தாள். திட்டுவதற்கென்று எடுத்த மூச்சு அவளுக்கு வேறு எதற்கோ செலவாகிவிட்டது. கையை மட்டும் நீட்டினாள். அவர் எலியைக் கொடுத்தார். அதைச் சாக்ஸ் வைக்கிற பெட்டியில் போட்டு மூடிவிட்டு, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து.

முதல் 'இந்தா' அன்று சாயங்காலம் நடந்தது. அவர் திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. அந்த ஆறு கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், சொல் வரவில்லை, விரல் பலகைக்குப் போய்த் திரும்பியது, அதற்குப் பதிலாக வாய் திறந்துகொண்டது.

"இந்தா!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுகிறார். சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"என்ன?"

அவரிடம் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தார், நிஜமாகவே இல்லை.

"ஒண்ணுமில்ல."

அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. ஆனால் இங்கே, அவர் மண்டைக்குள், ஏதோ ஒன்று சின்னதாகக் கண்ணைச் சிமிட்டியது. கிடைக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த வேறொரு குறிப்பு, 'நாடக'த்துக்கானது, முழு வாக்கியமாக வந்து விழுந்தது: 'அழுதால் கைதட்டுவார்கள்.' அவர் அதைத் தட்டச்சு செய்தார். திருப்தியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

புதன்கிழமைக்குள் அது வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. "இந்தா!" "என்ன?" "ஒண்ணுமில்ல." அவள் ஹாலில் இருந்தால் ஹாலுக்கு, சமையலறையில் இருந்தால் சமையலறைக்கு, குளியலறையில் இருந்தால் கொஞ்சம் குரலை உயர்த்தி. அவருக்கு ரத்தக்கொதிப்போ என்று மனைவிக்கு முதலில் சந்தேகம் வந்தது. பிறகு தனக்கே வந்துவிடும் போலிருந்தது.

"இந்தான்னா கையில ஏதாவது இருக்கணும்ங்க" என்று ஒருதடவை நேரிலேயே வந்து நின்றுவிட்டாள், ஈரக் கையோடு. "இந்தா காப்பி, இந்தா சம்பளம், இந்தா புதுப் பொடவ. அதுக்குத்தான் அந்த வார்த்த. நீங்க வெறுங்கைய வச்சுக்கிட்டு இந்தா இந்தான்னா நான் எத வாங்கிக்கறது?"

கட்டக்காரர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கல்லூரிக்குப் போகிற மகள் கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"உனக்கு இன்னுமா புரியல? புதுசுல அது இல்லல்ல, அதான் அப்பா உன்ன ரிஃப்ரெஷ் பண்றாரு."

"நான் என்னடி, ஐகானா?"

"ஒரு தடவ கண்ண சிமிட்டும்மா. போயிடுவாரு."

மனைவி கண்ணைச் சிமிட்டவில்லை. ஈரக் கையை அவர் சட்டை முதுகில் துடைத்துவிட்டுப் போனாள். ஆனால் அதற்குப் பிறகு 'என்ன?' என்று அவள் கேட்கிற தொனி மாறிவிட்டது என்று கட்டக்காரருக்குத் தோன்றியது. முன்பு அதில் ஒரு கேள்விக்குறி இருந்தது, இப்போது இல்லை. சும்மா ஒரு கையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி, 'இருக்கேன்' என்கிற மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் பல் ஆஸ்பத்திரிக்காக மறுபடியும் அலமாரிக்குள் போனாள். இந்த முறை நன்றாக வருகிறது என்று வெளியிலிருந்தே தெரிந்தது. குரலில் ஒரு குளிர்ச்சி, அவசரமில்லாத ஓட்டம். அதைக் கேட்டால் யாருக்கும் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாமே என்று தோன்றியிருக்கும். கட்டக்காரரும் மூச்சை அடக்கிக்கொண்டு, எலியின்றி, காற்றாடியின்றி, ஆறு கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு அமைதியில்தான் அது நடந்தது. அவர் வாய் அவரைக் கேட்கவே இல்லை.

"இந்தா!"

அலமாரிக் கதவு மெதுவாகத் திறந்தது. மெதுவாகத் திறந்ததுதான் பயமாக இருந்தது.

"கடைசி வரி" என்றாள். "காத்திருக்கவும்னு சொல்லி இன்னும் வாய மூடல."

"சாரி. சாரிம்மா."

"என்ன வேணும்?"

அவர் வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனமார முயன்றார்.

"ஒண்ணுமில்ல."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரையில் காலியாகக் கிடக்கிற ஆறு கட்டங்களையும் பார்த்தாள். ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரில் செருகி, அவரை நகர்ந்து உட்காரச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டாள். ஒரு இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, அதே இடத்தை மறுபடி கேட்டாள். வெட்டுகிற கருவியின் மேல் அவள் விரல் போவதை அவர் பார்த்தார். பிறகு கடை மேலாளர் கூப்பிடுகிறாரே என்று போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவள் பதிவை அனுப்பி முடித்திருந்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தாள்.

"என்ன?" என்றார் கட்டக்காரர்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள்.

வியாழக்கிழமை கடைக்கு அரைநாள் லீவு சொன்னார். குளித்து, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்தார். சுடோகு ஒருவேளை நேரில் வந்தால் அதன் முன்னால் அழுக்காக இருக்கக்கூடாது என்பதுபோல. எல்லாக் குறிப்புகளும் தயார். எல்லாக் கட்டமும் தயார். அந்த ஒரு வரிசை மட்டும் வாயில் பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது. மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. 'மூன்று கவலை'யையே போட்டுவிடலாமா, கவலைகளைத் தேடிக்கொள்வது வாசகர் பொறுப்பு என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்.

"இந்தா!"

சமையலறையில் ஏதோ அடுப்பில் இருந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்திருக்க வேண்டும். வழக்கமான 'என்ன' வரவில்லை. அதற்குப் பதிலாக, தெளிவாக, ஈரமில்லாமல், அலமாரிக்குள்ளிருந்து மட்டுமே வருகிற அந்தக் குரல் வந்தது.

"வணக்கம். தாங்கள் அழைத்த மனைவி தற்போது வேறொரு வேலையில் இருக்கிறார். தேநீர் வேண்டுமெனில் எண் ஒன்றை அழுத்தவும். மூக்குக்கண்ணாடியைத் தொலைத்திருந்தால் எண் இரண்டை அழுத்தவும். ஒன்றுமில்லை எனில்..."

"என்ன சொன்ன?"

"எண் இரண்டை அழுத்தவும்."

"அதுக்கப்புறம்!"

"ஒன்றுமில்லை."

கட்டக்காரர் எழுந்து நின்றுவிட்டார். விரலை மடக்கினார். ஒ. ன். று. மூன்றாவது 'று'. கயிறு வந்து நிற்கிற இடம். மி. ல். லை. ஆறாவது 'லை'. பூமாலை வந்து விழுகிற இடம். மூன்று நாளாக நாளெல்லாம் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த சொல். 'ஒண்ணுமில்ல' என்றே சொல்லிச் சொல்லி, அதற்கு 'ஒன்றுமில்லை' என்று ஒரு வெளியுடை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. தினம் வீட்டில் லுங்கியோடு பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையோடு எதிரே வந்தால் யாரோ என்று வழிவிட்டு ஒதுங்குவோமே, அப்படி ஒதுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆறு எழுத்தையும் கட்டத்தில் மாட்டினார். லென்ஸ் ஃப்ரேமுக்குள் உட்காரும்போது விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்னச் சத்தம் உண்டு. அது கேட்டது. குறிப்பை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

'இந்தா' என்று கூப்பிட்டுவிட்டு வீட்டுக்காரர் கையில் கொடுப்பது. ஆறெழுத்து.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள். படித்துவிட்டு ஹும் என்றாள்.

"வேற ஏதாவது கொடுத்திருந்தா ஆறெழுத்துக்குள்ள அடங்கியிருக்காது" என்றாள்.

அவர் அனுப்பிவிட்டு, மூடுவதற்காக வலது மூலைக்குப் போய், அங்கிருந்து இடது மூலைக்கு வந்தார். வழியில் முன்போல் வருத்தமில்லை.

அந்த வாரம் கடைசிப் பக்கத்தில் கட்டம் அதன் இடத்திலேயே இருந்தது. சுடோகுவும் வந்திருந்தது, ஆனால் சின்னதாக, கீழே, மாடிப்படிக்கு அடியில் வாடகைக்கு வந்த குடித்தனம் மாதிரி. உதவி ஆசிரியர் போன் செய்தார். "சார், அந்த இந்தாவுக்கு மட்டும் ரெண்டு மூணு அம்மாங்க போன் பண்ணிட்டாங்க. எங்க வீட்டுக்காரர உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க." கட்டக்காரர் அதை வீட்டில் சொன்னபோது, மகள் போனிலிருந்து ஒரு கணம் கண்ணை எடுத்தாள். அவளைப் பொறுத்தவரை அது எழுந்து நின்று கைதட்டிய மாதிரி.

சனிக்கிழமை காலையிலிருந்து அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று லேசாக வலித்துக்கொண்டிருந்தது. மனைவி ஸ்டுடியோவில் இருந்தாள், கூரியர் கம்பெனிக்கு ஏதோ புது அறிவிப்பு. கூப்பிட முடியாது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் ஹாலுக்குப் போய், பல் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினார். மணி இரண்டு தடவை அடித்தது. பிறகு அவளே வந்தாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

அடுத்த அறையில் இருக்கிறவளை இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்து கேட்பது வேடிக்கையாக இருந்தது. டிக் இல்லை. மில் இரைச்சல் இல்லை. சுத்தமாக, குளிர்ச்சியாக இருந்தது.

"தயவுசெய்து காத்திருக்கவும்."

அதன் வால் இன்னும் தேயாத இடத்தில், ரொம்பப் பின்னால், ஒரு கதவுக்கும் பல துணிகளுக்கும் அப்பாலிருந்து, கவனித்துக் கேட்டாலொழியக் காதில் விழாத மாதிரி, ஓர் ஆண்குரல் கூப்பிட்டது.

'இந்தா.'

கட்டக்காரர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"ஹலோ, சொல்லுங்க சார்" என்றது போன். இது நிஜமான ஆள், வரவேற்பு மேஜைப் பெண். "என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அலமாரிக் கதவின் இடுக்கில் டார்ச் வெளிச்சம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. உள்ளே அவள் யாரையோ பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பல் வலித்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, அதே எண்ணை மறுபடி அழுத்தினார்.